முன்பாரமும் பின்பாரமும்

சென்ற டிசம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பனிமூட்டம் விலகுவதற்குக் காலை பத்து மணி ஆயிற்று. நம் விளையாட்டுத் திடலின் மேற்குக் கோடியில் நாங்கள் மூவர் நின்றுகொண்டிருந்தோம்: நான், என் அறை நண்பர், முதலாண்டில் பயிலும் தம்பி ஒருவர். தம்பியின் கையில் ரேடியோவினால் இயக்கும் மாதிரி விமானம் ஒன்று இருந்தது. ஊரிலிருந்து வரும் பணத்தில் மாதாமாதம் மிச்சம் பிடித்து, மோட்டார் ஒரு மாதம், பேட்டரி ஒரு மாதம் என்று வாங்கி, அவரே கட்டிய விமானம் அது.

அதற்கு முந்திய வாரம் அது தரையிறங்கும்போது புல்லில் சிக்கி வால் முறிந்துவிட்டது. ஒட்டுப்பலகையை அறுத்து, எபாக்ஸிப் பசையைத் தாராளமாகப் பூசி, நாங்களே அதைச் சீர்படுத்தியிருந்தோம். இனி யானை மிதித்தாலும் இந்த வால் முறியாது என்று என் நண்பர் பெருமைப்பட்டுக்கொண்டார். பேட்டரியைக் கட்டும் பட்டையும் அறுந்திருந்தது. ஆகவே அதைச் சற்றுப் பின்னே தள்ளி, வேறொரு கட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்தோம்.

புறப்படுமுன் தம்பி கேட்டார்: "அண்ணா, பாலன்ஸ் மறுபடியும் ஒருதரம் பார்த்துவிடலாமா?"

"போன வாரந்தானே பார்த்தோம், தம்பி! ஒரு வாரத்திலா மாறிவிடும்?" என்றேன் நான்.

விமானம் தரையை விட்டு எழும்பிய உடனே மூக்கை வானத்தை நோக்கித் தூக்கிற்று. தம்பி கட்டுப்பாட்டுக் கோலை முன்னே தள்ளினார். அது தலைகுப்புறப் பாய்ந்தது. பின்னே இழுத்தார். மீண்டும் மூக்கு எழுந்து, வேகம் இழந்து, ஒரு புறமாகச் சரிந்து, தரையில் மோதிற்று. எல்லாம் ஆறேழு விநாடிகளில் முடிந்தது. விழுந்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் தேநீர்க்கடைக்காரரின் மகன் நின்றிருந்தான். எட்டு வயதிருக்கும். அதுவும் வேடிக்கையில் ஒரு பகுதி என்று எண்ணிக் கைதட்டினான். அவனுடைய தந்தை கைதட்டவில்லை. எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் பையனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் இயற்பியலில் எம்.எஸ்ஸி. படிப்பவன். உயர்நிலைப் பள்ளியில் கற்ற நெம்புகோல் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்திருந்தால் அன்று அந்த விமானம் மேலே போயிருக்காது. அந்தக் கணக்கை மற்றவர்களுக்காவது சொல்லிவைக்கலாம் என்பதற்காகவே இக்கட்டுரை.

வண்டிக்காரர் அறிந்த உண்மை

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த விஷயம் பாதி விளங்கியதுபோலத்தான். மூட்டைகள் அச்சுக்கு முன்னால் அதிகமாகச் சேர்ந்துவிட்டால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். இது முன்பாரம். அச்சுக்குப் பின்னால் அதிகமாகச் சேர்ந்துவிட்டால் ஏர்க்கால் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இது பின்பாரம். நல்ல வண்டிக்காரர் ஒரு மூட்டையை இப்படியும் அப்படியும் நகர்த்தி, சிறிதளவு முன்பாரமாகவே வண்டியை நிறுத்துவார். மாட்டின் கழுத்தில் கொஞ்சம் பாரம் இருந்தால்தான் வண்டி அடங்கி வரும் என்பது அவருக்குத் தெரியும்.

விமானத்திலும் அதே முன்பாரமும் பின்பாரமுந்தான். ஆனால் வண்டிக்கு அச்சு கண்ணுக்குத் தெரிகிறது. விமானத்தின் அச்சு காற்றில் இருக்கிறது. அதை நாம் கணக்கிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டு புள்ளிகள்

விமானத்தில் நாம் அறியவேண்டிய புள்ளிகள் இரண்டு. முதலாவது எடை மையம். விமானத்தின் எடை முழுவதும் ஒரே இடத்தில் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி அது. விமானத்தை அவ்விடத்தில் விரலால் தாங்கினால் தராசு முள் போல் சமமாக நிற்கும்.

இரண்டாவது நடுநிலைப் புள்ளி. சமமாகப் பறந்துகொண்டிருக்கும் விமானத்தின் மூக்கை ஒரு காற்றலை சிறிது மேலே தூக்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே சிறகிலும் வாலிலும் காற்றின் தூக்குவிசை கூடுகிறது. இப்படிப் புதிதாகக் கூடிய விசை முழுவதும் எந்தப் புள்ளியில் செயற்படுகிறதோ, அதுவே நடுநிலைப் புள்ளி. சிறகை மட்டும் எடுத்துக்கொண்டால் அது சிறகின் முன்விளிம்பிலிருந்து கால்பங்கு அகலத்தில் இருக்கும். வால் தன் பங்குக்கு அதைப் பின்னே இழுக்கிறது. வால் பெரிதாகவும் தொலைவாகவும் இருக்க இருக்க நடுநிலைப் புள்ளி பின்னே போகும்.

எடை மையம் நடுநிலைப் புள்ளிக்கு முன்னால் இருந்தால் என்ன ஆகும்? புதிதாகக் கூடிய தூக்குவிசை எடை மையத்துக்குப் பின்னால் மேல்நோக்கித் தள்ளுகிறது. மூக்கு தானாகவே கீழே இறங்குகிறது. காற்று கெடுத்ததைக் காற்றே திருத்திவிடுகிறது! இரண்டு புள்ளிகளும் ஒன்றாகிவிட்டால் மூக்கு எங்கே விடப்பட்டதோ அங்கேயே நிற்கும். எடை மையம் பின்னால் போய்விட்டாலோ, கூடிய விசை மூக்கை மேலும் தூக்கும். தூக்கத் தூக்க விசை இன்னும் கூடும். கிண்ணத்துக்குள் கிடக்கும் கோலிக்கும், கவிழ்த்த கிண்ணத்தின் முதுகில் வைத்த கோலிக்கும் உள்ள வேற்றுமைதான் இது.

இந்த உண்மையை முதன்முதலில் பறந்து காட்டியது ஒரு மாதிரி விமானமே என்பது நம்மைப் போன்றவர்கள் மகிழத்தக்க செய்தி. 1871 ஆகஸ்டு 18 அன்று பாரிஸ் நகரின் துய்லரீ பூங்காவில், அல்ஃபோன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சு இளைஞர், முறுக்கிய ரப்பரால் ஓடும் சிறு விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார். எடையை முன்னால் வைத்து, வாலைச் சிறிது கீழ்நோக்கி அழுத்தும்படி சாய்த்து அமைத்திருந்தார். யாரும் தொடாமல் அது 11 விநாடிகளில் ஏறத்தாழ 40 மீட்டர் பறந்தது. ரைட் சகோதரர்களோ 1904-ஆம் ஆண்டில் தங்கள் இரண்டாவது விமானம் அலைபோல் மேலும் கீழும் துள்ளுவதைத் தடுக்க, அதன் முன்புறத்தில் சுமார் 32 கிலோ இரும்பைக் கட்ட வேண்டியிருந்தது.

அப்படியானால் எடையை எவ்வளவு முன்னே வைத்தாலும் நல்லதுதானே என்று கேட்கலாம். அன்று. முன்பாரம் மிகுந்தால் மூக்கு எப்போதும் கீழே போகப் பார்க்கும். அதைத் தூக்கிப் பிடிக்க, வாலில் மேலும் கீழும் அசையும் பலகையாகிய எலிவேட்டரை எந்நேரமும் உயர்த்தி வைக்கவேண்டும். வால் கீழே அழுத்துவதால் சிறகுக்குச் சுமை கூடும். தரையிறங்கும்போது மூக்கைத் தூக்கப் போதிய பலம் இராது. வேகமாக வந்து மோதிச் சக்கரம் ஒடியும். ஆயினும் முன்பாரத்தோடு கிளம்பிய விமானத்தை எப்படியோ தரைக்குக் கொண்டுவந்துவிடலாம். பின்பாரத்துக்கு அந்த மன்னிப்பு இல்லை.

கணக்கு

"சிறகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு" என்று ஒரு சூத்திரம் நம்மிடையே வாய்மொழியாக வழங்கிவருகிறது. நேரான சிறகும் நல்ல வாலும் உடைய விமானத்துக்கு அது பெரும்பாலும் பிழையாகாது. ஆனால் வாலில்லாத பறக்கும் சிறகுக்கு அதையே வைத்தால் விமானம் புறப்பட்ட இடத்திலேயே கவிழும். வால் இல்லாததால் அதன் நடுநிலைப் புள்ளி கால்பங்கிலேயே நிற்கிறது. எடை மையம் அதற்கும் முன்னால், 15 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். ஆகவே சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிடக் கணக்குப் போடுவதே மேல்.

தம்பியின் விமானத்தையே உதாரணமாகக் கொள்வோம். சிறகின் மொத்த நீளம் 1200 மில்லிமீட்டர். உடலோடு சேரும் வேரில் அகலம் 240, முனையில் 160. முனையின் முன்விளிம்பு வேரின் முன்விளிம்பைவிட 60 மில்லிமீட்டர் பின்தள்ளி இருக்கிறது. இத்தகைய கூம்பிய சிறகில் எந்த அகலத்தைக் கொள்வது? சராசரி அகலத்தைக் கொள்ளவேண்டும். அதை வரைந்தே கண்டுபிடிக்கலாம்.

ஒரு செய்தித்தாளில் சிறகின் ஒரு பாதியை அப்படியே வரைந்துகொள்ளுங்கள். வேரின் கோட்டை முன்புறமாக, முனையின் அகலமாகிய 160 அளவுக்கு நீட்டுங்கள். முனையின் கோட்டைப் பின்புறமாக, வேரின் அகலமாகிய 240 அளவுக்கு நீட்டுங்கள். நீட்டிய நுனிகள் இரண்டையும் ஒரு கோட்டால் இணையுங்கள். பிறகு வேரின் நடுப்புள்ளியையும் முனையின் நடுப்புள்ளியையும் மற்றொரு கோட்டால் இணையுங்கள். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சிறகுக்கு என்ன அகலமோ, அதுவே சராசரி அகலம். இந்தச் சிறகில் அது வேரிலிருந்து 280 மில்லிமீட்டர் தள்ளி விழுகிறது. அகலம் 203. அவ்விடத்து முன்விளிம்பு வேரின் முன்விளிம்பைவிட 28 மில்லிமீட்டர் பின்னால் இருக்கிறது. இந்த 28-ஐ மறந்துவிடக்கூடாது.

அடுத்தது வால். வாலின் படுக்கைப் பலகையின் பரப்பை, அது சிறகிலிருந்து இருக்கும் தூரத்தால் பெருக்க வேண்டும். அதனைச் சிறகின் பரப்பையும் சராசரி அகலத்தையும் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். வாலின் பரப்பு 360 சதுர சென்டிமீட்டர், தூரம் 50 சென்டிமீட்டர். சிறகின் பரப்பு 2400 சதுர சென்டிமீட்டர், சராசரி அகலம் 20.3 சென்டிமீட்டர். விடை 0.37. வாலின் செல்வாக்கு இவ்வளவு எனலாம்.

பின்னர் சிறகின் நீளத்தை அதன் சாதாரண சராசரியான 200-ஆல் வகுத்தால் 6 வருகிறது. 6-க்கு வர்க்கமூலம் கண்டு, அதற்கும் ஒருமுறை வர்க்கமூலம் கண்டால் 1.57. அதில் கால்பங்கு 0.39. இதை 0.37-ஆல் பெருக்கினால் 0.145. சிறகுக்கே உரிய 0.25-ஐக் கூட்டினால் 0.395. அதாவது நடுநிலைப் புள்ளி சராசரி அகலத்தில் 39.5 சதவீதத்தில், 80 மில்லிமீட்டரில் இருக்கிறது. வேரின் முன்விளிம்பிலிருந்து அளந்தால் 108 மில்லிமீட்டர். மாதிரி விமானம் கட்டுவோர் கையாளும் இந்தக் கணக்கு தோராயமானதே. ஆனால் முதற்பறப்புக்கு இது போதும்.

எடை மையம் நடுநிலைப் புள்ளிக்கு முன்னால், சராசரி அகலத்தில் 5 முதல் 15 சதவீதம்வரை தள்ளி இருக்கவேண்டும். பழகுபவர்களுக்கு 10 சதவீதமோ அதற்கு மேலோ நல்லது. தம்பி பத்தைக் கொண்டார். 108-இல் 20 போக, 88 மில்லிமீட்டர். முதன்முதலில் நாங்கள் சரியாக அங்கேதான் வைத்திருந்தோம்.

அளந்து பார்க்கும் முறை

கணக்கில் வந்த இடத்தைச் சிறகின் இரு பக்கமும் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். பேட்டரி, புரொப்பெல்லர், சக்கரம், மூடி எல்லாம் பறக்கும்போது எங்கே இருக்குமோ அங்கேயே இருக்கவேண்டும். எண்ணெயில் ஓடும் எஞ்சினானால் தொட்டி காலியாக இருக்கவேண்டும். தொட்டி பெரும்பாலும் எடை மையத்துக்கு முன்னால் இருப்பதால், எண்ணெய் தீரத்தீர எடை பின்னே போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

சிறகு உடலின் மேலே அமைந்த விமானத்தை நிமிர்ந்தவாறும், கீழே அமைந்ததைக் கவிழ்த்தும், குறித்த இடத்தில் இரு ஆட்காட்டி விரல்களால் தாங்குங்கள். விரல் நடுங்கும் என்று ஐயுறுபவர்கள் இரண்டு குச்சிகளை ஒரு பலகையில் நட்டு, நுனியில் பென்சில் அழிக்கும் ரப்பரைச் செருகிக்கொள்ளலாம். விமானம் சமமாகவோ, மூக்கு ஒரு நூலளவு தாழ்ந்தோ நின்றால் சரி. வால் தாழ்ந்தால் அன்றைக்குப் பறக்கக்கூடாது.

எடை தவறியிருந்தால் உடனே ஈயத்தைத் தேடி ஓடவேண்டாம். முதலில் பேட்டரியை நகர்த்திப் பாருங்கள். உள்ளே இருக்கும் எடையை இடம் மாற்றுவதில் செலவில்லை. புதிய எடையை ஏற்றினால் அதைச் சிறகு சுமக்கவேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. மோட்டாரின் அச்சையும் வாலின் நுனியையும் பிடித்துத் தூக்கினால் எந்தச் சிறகு தாழ்கிறதோ அது கனமானது. எதிர்ச் சிறகின் முனையில் ஒரு நாணயத்தை ஒட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

எங்கள் தவறு

அன்று மாலை, வாலில் ஒட்டியிருந்த பலகையையும் பசையையும் பெயர்த்தெடுத்து வேதியியல் கூடத்துத் தராசில் நிறுத்தோம். 45 கிராம். விமானத்தின் மொத்த எடை 1150 கிராம். அதற்கு முன் 45 கிராம் எம்மாத்திரம்? நாங்கள் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஆனால் அந்த 45 கிராம் எடை மையத்திலிருந்து 530 மில்லிமீட்டர் பின்னால் இருந்தது. 45-ஐ 530-ஆல் பெருக்கி, புதிய மொத்த எடையாகிய 1195-ஆல் வகுத்தால் 20 மில்லிமீட்டர். அதோடு 200 கிராம் பேட்டரியை 30 மில்லிமீட்டர் பின்னே தள்ளியதால் இன்னும் 5 மில்லிமீட்டர். ஆக, 88-இல் இருந்த எடை மையம் 113-க்குப் போய்விட்டது. நடுநிலைப் புள்ளியோ 108-இல் இருக்கிறது. வெறும் 5 மில்லிமீட்டர் கடந்திருக்கிறோம். கோலி கவிழ்த்த கிண்ணத்தின்மேல் ஏறிவிட்டது.

இன்னொரு பாடமும் அதில் இருந்தது. பேட்டரியைப் பழைய இடத்தில் வைத்தாலும், வாலின் 45 கிராமை ஈடுசெய்ய மூக்கில் 75 கிராம் வைக்கவேண்டும். வால் நீளம், மூக்குக் குட்டை என்பதே காரணம். ஆகவே வாலில் ஒரு கிராமைக் குறைப்பது மூக்கில் ஒன்றரைக் கிராமுக்கு மேல் மிச்சப்படுத்துவதாகும்.

பெரிய விமானங்களுக்கும் இதே விதிதான். சிறிய விமானங்களில் பணியாளர்கள் சில பிரயாணிகளை இடம் மாறி உட்காரச் சொல்வது இதற்காகவே. 2003 ஜனவரி 8 அன்று, அமெரிக்காவில் வட கரோலினாவின் சார்லட் நகரத்திலிருந்து புறப்பட்ட சிறு பிரயாணி விமானம் ஒன்று எழும்பிய உடனே மூக்கைத் தூக்கி, வேகம் இழந்து விழுந்தது. அதிலிருந்த 21 பேரும் இறந்தனர். காரணங்கள் இரண்டு சேர்ந்திருந்தன என்று விசாரணையில் தெரியவந்தது. சில நாள்களுக்கு முன் பழுதுபார்த்தபோது எலிவேட்டரின் கம்பிவடம் தவறாகப் பொருத்தப்பட்டதால் மூக்கைப் போதிய அளவு தாழ்த்த முடியவில்லை. பிரயாணிகளுக்கும் சாமான்களுக்கும் கணக்கில் கொண்ட சராசரி எடை உண்மையைவிடக் குறைவாக இருந்ததால், எடை மையமும் பின்னெல்லையைக் கடந்திருந்தது. அதன்பின் அங்கே அந்தச் சராசரி எடைகள் உயர்த்தப்பட்டன. பழுதுபார்த்த பிறகு சோதிக்காததும், பழைய கணக்கை அப்படியே நம்பியதும் சேர்ந்து 21 உயிர்களைக் குடித்தன. அதைப் படித்தபோது எனக்குத் தேநீர்க்கடைப் பையனின் முகந்தான் நினைவுக்கு வந்தது.

பறந்து அறிவது

கணக்கும் விரலும் சொல்வதைக் கடைசியில் காற்று உறுதிப்படுத்தவேண்டும். முதற்பறப்பில் எடையைக் கணக்குக்குச் சற்று முன்னாலேயே வையுங்கள். எலிவேட்டரின் அசைவைக் குறைத்து வையுங்கள். பார்ப்பவர்கள் அனைவரும் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் நிற்கட்டும்.

நல்ல உயரத்தில், கைவைக்காமலே நேராகப் பறக்கும்படி முதலில் திருத்திக்கொள்ளுங்கள். பிறகு மோட்டாரின் வேகத்தைக் குறைத்து, மூக்கைச் சாய்வாகக் கீழே இறக்கி, கோலை விட்டுவிடுங்கள். விமானம் வெடுக்கென்று மேலே வளைந்தால் முன்பாரம் அதிகம். மெல்ல மெல்ல நிமிர்ந்தால் சரி. நிமிராமல் மேலும் செங்குத்தாகப் பாயுமானால் பின்பாரம். உடனே மீட்டு, பக்குவமாகத் தரையிறக்குங்கள். திருத்துவதானால் ஒவ்வொரு முறையும் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்தவேண்டாம்.

விடுமுறைக்குப் பின் தம்பி புதிய வால் ஒன்று செய்தார். இம்முறை மெல்லிய பால்சா மரம், அளவான பசை. கூடிய எடை 12 கிராமே. பேட்டரியை 32 மில்லிமீட்டர் முன்னே நகர்த்தியதும் ஈயம் ஒரு துளியும் வேண்டாமற்போயிற்று. திடலுக்குப் போனதும் அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. விமானத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். நான் இரண்டு விரல்களையும் 88-இல் வைத்துத் தூக்கினேன். மூக்கு ஒரு நூல் தாழ்ந்து நின்றது.

தேநீர்க்கடைப் பையனை எங்களுக்குப் பின்னால் நிற்கவைத்துவிட்டுத்தான் மோட்டாரை ஓட்டினோம். விமானம் திடலை நான்கு முறை சுற்றிவந்தது. மூன்றாவது சுற்றில் திரும்பிப் பார்த்தேன். அவனுடைய தந்தையும் கடையை விட்டு வெளியே வந்து, கண்மேல் கைவைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.